மூன்றாம் கூட்டில் ஒரு புள்ளடி

யன்னல் பக்கம் நீங்களே இருங்கோ அன்ரி. எனக்கு இனிப் பார்க்க ஒன்றுமில்லை, பன்னிரண்டு கிழமையாகப் பார்த்துவிட்டேன். அந்தப் பையைத் தாருங்கோ, மேலே வைக்கிறேன். முருங்கைக்காய் முறியாது, பயப்படாதேங்கோ.

நீங்களும் கொழும்புக்கோ? நல்லது. நான் நாளைக்குப் பின்னேரம் பிளேன் ஏறுகிறேன். ஒஸ்லோ, நோர்வே. பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். தமிழ் எப்படி இவ்வளவு வடிவாகக் கதைக்கிறாய் என்று நீங்கள் கேட்க முதல் சொல்லிவிடுகிறேன், இங்கே எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை, பதினொரு வருஷம். விவாதப் போட்டியில் மூன்று முறை முதல் பரிசு. எந்தப் பக்கம் தந்தாலும் பேசுவேன். சாம்பவியோடு கதைத்து வெல்ல ஏலாது என்று அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிவா. குறையாகத்தான் சொல்லுவா. நான் அப்படி எடுப்பதில்லை.

கண்ணைப் பார்க்காதேங்கோ, அழவில்லை. கோபம். காலையில் ஸ்டேஷனில் ஒரு பிள்ளை வந்து என்னை நிம்மதியாக ரயில் ஏறக்கூட விடவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இருந்து கேட்டால்தான் எனக்கு நடந்தது எவ்வளவு பெரிய அநியாயம் என்று விளங்கும். கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கோ.

நான் படிப்பது சுற்றுலாத் துறை. மூன்றாம் வருஷத்தில் பன்னிரண்டு கிழமை ஏதாவது ஒரு நிறுவனத்தில் பயிற்சி எடுக்க வேண்டும். என்னோடு படிக்கிறவர்கள் ஸ்பெயினுக்கும் கிரேக்கத்துக்கும் போனார்கள். கடற்கரை ஹோட்டல், பகலில் வேலை, பின்னேரம் குளிப்பு. நான் மட்டும்தான் யாழ்ப்பாணம் என்று எழுதினேன். ‘என் பெற்றோர் விட்டுவிட்டு ஓடிய மண்ணுக்கு என் கல்வியைக் கொண்டுபோகிறேன்’ என்று விண்ணப்பத்தில் ஒரு வரி. பேராசிரியை அதை வகுப்பில் வாசித்துக் காட்டினா. இரண்டு பேர் கண் துடைத்தார்கள்.

இங்கே டவுனில் ‘வேரடி உலா’ என்று ஒரு சின்ன நிறுவனம். டொமினிக் அண்ணை நடத்துகிறார். இரண்டு அறை, ஒரு வான், போன் எடுப்பது அவருடைய மனைவி. கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் ஆட்கள் எழுதுவார்கள்: எங்கள் அப்பாவின் வீடு இன்ன ஊரில் இன்ன கோயிலுக்குப் பின்னால் இருந்தது, இப்போது இருக்கிறதா, பார்க்க வேண்டும். டொமினிக் அண்ணை சைக்கிளில் போய் நாலு பேரை விசாரித்துக் கண்டுபிடித்து வைப்பார். அவர்கள் வந்ததும் வானில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுவார். அவ்வளவுதான் தொழில். எவ்வளவு அருமையான யோசனை பாருங்கோ. அதை எவ்வளவு மொக்குத்தனமாகச் செய்தார் என்பதையும் கேளுங்கோ.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. தேடி வந்த வீடு வெறுமையாகக் கிடந்தால் உள்ளே கூட்டிக்கொண்டு போகலாம். யாராவது குடியிருந்தால் வாசல் படலையோடு சரி. அதற்கு மேல் ஒரு அடி வைக்கக் கூடாது.

“ஆக்கள் இருக்கிற வீடெண்டால் படலையில நிப்பாட்டு பிள்ளை. பாக்கட்டும், படம் எடுக்கட்டும், அழுறதெண்டால் ரோட்டில நிண்டு அழட்டும். உள்ள போக விடாத.”

ஏன் என்று கேட்டேன். அது அப்படித்தான் என்றார். நான் அப்படியான பதில்களை ஏற்றுக்கொள்கிற ஆள் இல்லை. பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்த மனிசன் தன் அப்பா கட்டிய வீட்டை ரோட்டில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போக வேண்டுமா? உள்ளே இருக்கிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் இடையில் ஒரு சந்திப்பு நடக்க வேண்டாமா? இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்ட சனம்தானே. நாற்பது நிமிஷம் படங்களோடு விளங்கப்படுத்தினேன். கடைசியில் அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, உன்னோடு கதைத்து எனக்கு வாய் நோகிறது, செய்கிறதென்றால் செய், ஆனால் வீட்டாக்களுக்கு ஒன்றுவிடாமல் சொல்லிப்போட்டுச் செய் என்றார். வென்றுவிட்டேன் என்று அன்றைக்கே பேராசிரியைக்கு எழுதினேன்.

வீட்டுக்குள் போவதென்றால் சம்மதப் படிவம் வேண்டும். நோர்வேயில் அப்படித்தான். ஒரு மாதிரியைப் பார்த்து நானே மூன்று பக்கத்தில் ஒரு படிவம் செய்தேன். ஆங்கிலத்தில். தமிழிலும் செய்திருக்கலாம்தான், ஆனால் பேராசிரியைக்கு அனுப்ப வேண்டுமே. இரண்டாம் பக்கத்தில் மூன்று சின்னச் சதுரக் கூடுகள். வீட்டில் இருக்கிறவர் உரிமையாளரா, வாடகைக்கு இருப்பவரா, உரிமையாளரின் அனுமதியோடு வீட்டைப் பராமரிக்கிறவரா. பொருந்துகிற கூட்டில் வாக்குச்சீட்டில் போடுகிற மாதிரி ஒரு புள்ளடி. கீழே கையெழுத்து.

முதல் வாடிக்கையாளர் குகபாலன் அங்கிள். கனடா, ஸ்காபுரோ, ஓய்வு பெற்ற இஞ்சினியர். எண்பத்து நாலில் போனவர், பிறகு வரவே இல்லை. வீடு சண்டிலிப்பாயில். கல்வீடு, முன்னால் இரண்டு தூண், பின்னால் கிணறு. அதில் இருந்தது இராசமலர் என்று ஒரு அம்மா. ஊரில் எல்லாரும் மலரக்கா என்பதால் நானும் மலரக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவவும் அவவின் மகள் மதுசாவும். மதுசாவுக்குப் பத்தொன்பது வயது, பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்துக்கொண்டு இருந்தாள். காலையில் ஸ்டேஷனுக்கு வந்த பிள்ளை என்று சொன்னேனே, அவள்தான்.

தகப்பன் சண்டையின் கடைசி மாதத்தில் போய்விட்டார். அவர்களுடைய சொந்தக் காணி மயிலிட்டியில், ஆமிக்காரரின் முள்ளுக்கம்பிக்கு உள்ளே. இரண்டாயிரத்துப் பத்தில் முகாமில் இருந்து விட்டபோது போக இடமில்லாமல் இந்த வீட்டுக்குள் வந்து இருந்தார்களாம். கதவு யன்னல் எல்லாம் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள், கூரை பாதி இல்லை, குசினிக்குள் ஆமணக்கு வளர்ந்து நின்றதாம். கிணற்றைத் துப்புரவாக்க மூன்று நாள் பிடித்ததாம். உள்ளே என்னென்ன கிடந்தது என்று மலரக்கா சொல்லத் தொடங்கினா. எனக்கு நேரமில்லை, வேறு இரண்டு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மிளகாய் வறுத்துத் தூள் இடித்து விற்றுத்தான் சீவியம். வெளிநாட்டுக்கெல்லாம் அவவின் தூள் போகிறது. வீடு முழுக்க அந்த மணம், தும்மல் வரும்.

படிவத்தைக் கொண்டுபோன அன்று எனக்குத் தேத்தண்ணியும் தட்டை வடையும் தந்தா. கையைத் துடைத்துவிட்டுப் படிவத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தா. இங்கிலீஷ். மதுசா சின்னப் பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக் கொடுக்கப் போயிருந்தாள்.

“இதில என்ன பிள்ளை எழுதிக் கிடக்கு?”

“ஒண்டுமில்லை அக்கா. அவை வந்து பாத்திட்டுப் போறதுக்கு உங்களுக்குச் சம்மதம் எண்டு.”

“வீட்டைப் பற்றி ஒண்டுமில்லையே?”

இல்லை என்றேன். கூடுகள் வெறுமையாகத்தானே இருந்தன, அந்த நேரத்தில் வீட்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லைதானே. கையெழுத்து வைத்தா. பிறகு நான் கேட்டேன், முறையாகத்தான் கேட்டேன்: நீங்கள் இந்த வீட்டுக்கு என்ன முறை, சொந்தமா, வாடகையா, என்னவென்று போட?

“இருக்கிறன்” என்றா.

அது எனக்குத் தெரியும் அக்கா, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறேன் என்றேன். திரும்பவும் இருக்கிறன் என்றா. படிவத்தில் அப்படி ஒரு கூடு இல்லை அன்ரி. நான் என்ன செய்ய? ஒரு கூட்டிலாவது புள்ளடி இல்லாவிட்டால் கணினி படிவத்தை எடுக்காது, அப்படி அமைத்தது நான்தான். ஒபிசுக்கு வந்து யோசித்தேன். உரிமையாளர் என்று போட ஏலாது, பொய். வாடகை என்றும் போட ஏலாது. மிச்சம் மூன்றாவது. பராமரிக்கிறவர். பதினாலு வருஷம் கூரை போட்டு, கிணறு இறைத்து, அந்த வீட்டை நிற்க வைத்த மனிசி. பராமரிக்கிறவர் என்பது மரியாதையான சொல் இல்லையா? அவவைத் தூக்கித்தான் எழுதினேன். புள்ளடி போட்டேன். டொமினிக் அண்ணை பிறகு கத்தினார், வெறுமையாக விட்டுவிட்டு என்னிடம் கேட்டிருக்கலாமே என்று. அவர் அன்று நெடுந்தீவில் நின்றார். எல்லாவற்றுக்கும் ஒரு ஆளைக் கேட்டுக்கொண்டு இருந்தால் என் மதிப்பீட்டில் முன்முயற்சி என்ற பகுதிக்குப் புள்ளி கிடைக்குமா?

குகபாலன் அங்கிளும் மனைவியும் வந்த நாளை மறக்கவே மாட்டேன். மலரக்கா விடியக்காலையே முற்றம் கூட்டித் தண்ணி தெளித்து, புதுச் சீலை உடுத்துக்கொண்டு நின்றா. அங்கிள் படலையைத் திறந்ததும் தூணைத் தொட்டார். அறை அறையாகப் போனார். இது அப்பாவின் கட்டில் கிடந்த இடம், இது அம்மா சாமி கும்பிட்ட இடம். செருப்போடுதான் போனார், அந்த உணர்ச்சியில் எங்கே கழற்றத் தோன்றும். கிணற்றடியில் நின்று குழந்தை மாதிரி அழுதார். நான் வீடியோ எடுத்தேன். மலரக்கா ஓரத்தில் இரண்டு தடவை படத்துக்குள் வந்துவிட்டா, பிறகு வெட்டிவிட்டேன், பார்க்கிறவர்களின் உணர்ச்சி கலைந்துவிடும். மூன்று நாளில் எண்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.

போகும்போது அங்கிள் மலரக்காவோடு நல்ல மாதிரிக் கதைத்தார். சொந்த இடம் எது என்று கேட்டார். மயிலிட்டி என்றா. மயிலிட்டியில் எந்தப் பக்கம் என்றார். கடற்கரைப் பக்கம் என்றா. ஓ என்றார். மலரக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா, நல்ல கோப்பையில். அவர்கள் இரண்டு பேரும் தொடவில்லை. வானில் இருந்த போத்தல் தண்ணியை எடுத்துக் குடித்தார்கள். நாற்பது வருஷம் வெளியில் இருந்தவர்களுக்கு வயிறு ஒத்துக்கொள்ளாதுதானே. மதுசா பிறகு என்னிடம், “அக்கா, அவை வயித்துக்காக விடேல்லை” என்றாள். முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. இங்கத்தைய பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் சாதியைக் கொண்டுவருகிறார்கள். நாங்கள் அங்கே அதையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டோம். என்னிடம் யாரும் ஒருநாளும் கேட்டதே இல்லை. எங்கள் ஆட்களுக்குள் கலியாணம் பேசும்போது மட்டும் அம்மா ஆட்கள் விசாரிப்பார்கள், அது வேறு.

அடுத்தது என்னுடைய சொந்த யோசனை. வந்தவர்கள் திரும்பிப் போகும்போது ஒரு நினைவுப் பொதி. வீட்டின் படங்கள், ஊர் வரைபடம், கிணற்றடி மண் ஒரு சின்னப் போத்தலில், அந்த நாளின் கடதாசிகள் எல்லாவற்றிலும் ஒரு பிரதி. வடிவான பச்சை அட்டையில் கட்டிக் கொடுத்தேன். சம்மதப் படிவமும் உள்ளே இருந்தது. ஒளிவுமறைவில்லாமல் வேலை செய்ய வேண்டும் என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தது. அங்கிள் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நீ என் மகள் மாதிரி என்றார்.

மூன்று கிழமை கழித்து மலரக்காவுக்கு ஒரு சட்டத்தரணியின் கடிதம் வந்தது. முப்பது நாளில் வீட்டை விட வேண்டும். படிவத்தின் பிரதி கூடவே பின் அடித்து வந்தது.

டொமினிக் அண்ணை அன்றைக்குத்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னார். பாருங்கோ, அன்றைக்குத்தான். ஒருவர் யாருடைய அனுமதியும் இல்லாமல் தன்னுடையது மாதிரிப் பத்து வருஷத்துக்கு மேல் ஒரு வீட்டில் இருந்தால், நீதிமன்றத்தில் உரிமை கேட்கலாமாம். மலரக்கா கறண்ட் பில், வாக்காளர் பதிவு, கிராம சேவகரின் கடிதம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்தாவாம், இந்த வருஷம் வழக்குப் போட. உரிமையாளரின் அனுமதியோடு பராமரிக்கிறேன் என்று அவவே கையெழுத்து வைத்துவிட்டால் அந்தப் பதினாலு வருஷமும் கணக்கில் இல்லை. அதற்காகத்தான் படலைச் சட்டம். உள்ளே போனால் வீட்டுக்காரர் என்று ஒருவர் வந்துவிடுவார், இருக்கிறவர் யார் என்ற கேள்வி வந்துவிடும்.

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன? அது அப்படித்தான் என்று சொன்னால் எனக்கு எப்படி விளங்கும்? எழுதி வைக்காத சட்டத்தை மீறினேன் என்று என்னைக் குற்றம் சொல்லலாமா? அவர் என்னைப் பார்த்து, நீ கேட்டது ஏன் என்று தெரிந்துகொள்ள இல்லை, வெல்ல என்றார். பயிற்சிக்கு வந்த ஒரு மாணவியிடம் கதைக்கிற கதையா அது?

மலரக்கா ஒபிசுக்கு வந்தா, மகளோடு. சத்தம் போடுவா என்று நினைத்து நான் பதில்களோடு ஆயத்தமாக இருந்தேன். அவ கதிரையில் கூட இருக்கவில்லை.

“நான் பராமரிக்கிறன் எண்டு உனக்கு எப்ப பிள்ளை சொன்னனான்?”

சொல்லவில்லைதான், ஆனால் வேறு கூடு இல்லை அக்கா என்றேன். பிறகு விளங்கப்படுத்தினேன். காணி உறுதிப் பத்திரம் அங்கிளின் அப்பாவின் பெயரில் இருக்கிறது. அவர்களும் விரும்பியா போனார்கள், உயிருக்குப் பயந்து போனார்கள். போனவர்கள் எல்லாரையும் கெட்டவர்கள் என்று நினைக்கக் கூடாது. இதை ஒரு நட்டமாகப் பார்க்காமல் வாய்ப்பாகப் பார்க்கலாம். ஏனென்றால் அங்கிள் அந்த வீட்டைப் பழைய முறையில் திருத்தி விருந்தினர் விடுதி ஆக்கப் போகிறார். இணையத்துக்கு அறிமுகம் எழுதித் தரச் சொல்லி என்னைத்தான் கேட்டார். நான் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. மலரக்காவுக்கு அங்கே சமையல் வேலை கொடுக்க வேண்டும் என்று வாதாடினேன். சமையலுக்கு வேறு ஆள் பார்த்தாயிற்று, வீட்டைச் சுற்றி வளவு கூட்ட ஒரு ஆள் தேவைப்படும், பார்ப்போம் என்றார். அந்தச் செய்தியை மலரக்காவிடம் அங்கேயே சொன்னேன், சந்தோஷப்படுவா என்று. கையில் இருந்த கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தா. பிறகு மகளிடம், வா பிள்ளை போவம் என்றா. ஒரு நன்றி? அவவுக்காக நான் அரை மணித்தியாலம் கனடாவோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எல்லாரும் என் பின்னால். மலரக்காவுக்கு வழக்குப் பேச ஒரு சட்டத்தரணி, யாழ்ப்பாணத்தில். அவர் சொன்னாராம், அந்தப் பிள்ளை ஒரு கடிதம் தந்தால் போதும், கையெழுத்து வைத்த நேரம் கூடுகள் வெறுமை, பிறகு புள்ளடி போட்டது நான் என்று. வேறு யாரும் அந்த நேரம் பக்கத்தில் இல்லை, நான் மட்டும்தான். மதுசா மூன்று முறை வந்தாள். டொமினிக் அண்ணை கேட்டார். அவருடைய மனைவிகூடச் சோறு போட்டுக்கொண்டு கேட்டா.

நான் இல்லை என்று சொல்லவில்லை அன்ரி. யோசிக்க வேண்டும் என்றேன். இது சின்ன விஷயமா? பயிற்சியில் ஒரு ஆவணத்தைக் கையெழுத்துக்குப் பிறகு நிரப்பினேன் என்று நானே எழுதிக் கொடுத்தால் பல்கலைக்கழகம் என்ன சொல்லும்? மோசடி என்று சொல்லும். மூன்று வருஷப் படிப்பு. அது ஒரு பக்கம் இருக்கட்டும், அதற்காக நான் தயங்கவில்லை. கொள்கை என்று ஒன்று இருக்கிறது. நான் ஒரு பக்கத்துக்குச் சார்பாக நிற்கலாமா?

அங்கிளின் சட்டத்தரணியும் போன் எடுத்தார். மரியாதையான மனிசன். கையெழுத்து அந்த அம்மாவுடையதா என்று கேட்டார். ஆம் என்றேன். உங்களுக்கு முன்னாலா வைத்தவ என்றார். ஆம். அதையே இரண்டு வரியில் எழுதி அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். எது நடந்ததோ அதைத்தான் எழுதினேன். கூடுகளைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? உண்மைக்குச் சாட்சி சொல்வது குற்றமென்றால் நான் குற்றவாளிதான்.

இது தெரிந்த அன்றைக்கு டொமினிக் அண்ணை என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார். கடைசி நாள் என் மதிப்பீட்டை நிரப்பி மூடிய உறையில் வைத்துத் தந்தார். உடைத்துப் பார்த்தேன், பார்க்க எனக்கு உரிமை இருக்கிறது. ‘தகுதி பெறவில்லை.’ எண்பதாயிரம் பேர் பார்த்த வீடியோ, நினைவுப் பொதி, படிவம், இவ்வளவையும் நான் செய்து கொடுத்திருக்கிறேன், தகுதி பெறவில்லை. காரணம் எழுதுகிற இடத்தில் ஒரு வசனம்: ‘இந்தப் பிள்ளையை ஆட்களின் வீட்டுக்குள் விடக் கூடாது.’ அவ்வளவுதான். இதை நான் எப்படி மொழிபெயர்த்துக் கொடுப்பது? இந்த அநியாயத்தைத்தான் சொல்ல வந்தேன். ஒரு ஆள் தன் தனிப்பட்ட கோபத்தை ஒரு மாணவியின் எதிர்காலத்தில் காட்டலாமா?

கோபப்படாதேங்கோ, காலையில் நடந்ததையும் சொல்கிறேன். அதற்குத்தானே நீங்கள் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள்.

ரயில் வந்து நின்றுவிட்டது. நான் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறப் போகிறேன், மதுசா சைக்கிளையும் உருட்டிக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டாள். சண்டிலிப்பாயில் இருந்து உழக்கி வந்திருக்கிறாள், சட்டையெல்லாம் வேர்வை. ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் கடிதம். அவளே எழுதிக்கொண்டு வந்திருந்தாள், நான் கையெழுத்து வைத்தால் போதும். திங்கட்கிழமை வழக்குத் தவணை, இன்றைக்கு வெள்ளி, நீங்கள் போய்விட்டால் பிறகு யாரிடம் கேட்பது என்றாள். குரலை உயர்த்தவில்லை.

வாசித்தேன். நான் எதையும் வாசிக்காமல் கையெழுத்து வைக்கிற ஆள் இல்லை. நாலே வசனம். ‘இராசமலர் கையெழுத்து வைத்தபோது படிவத்தின் கூடுகள் வெறுமையாக இருந்தன. மூன்றாம் கூட்டில் புள்ளடி போட்டது நான். அது அவருக்கு வாசித்துக் காட்டப்படவில்லை. அதன் பொருள் அவருக்குத் தெரியாது.’ பிழை பிடிக்க ஒன்றும் இல்லை. நேர்த்தியாக எழுதியிருந்தாள், கெட்டிக்காரி. ஆனால் அந்த நாலாவது வசனம் எனக்குப் பிடிக்கவில்லை. பொருள் தெரியாது என்றால் என்ன அர்த்தம்? உழைத்துப் பிள்ளை வளர்த்த ஒரு பெண்ணை நீதிமன்றத்தில் ஒன்றும் தெரியாதவள் என்று நிறுத்துவதா? நான் பெண்களின் சுயமரியாதையைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். உன் அம்மாவைக் கேவலப்படுத்துகிற கடிதத்தில் நான் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெளிவாகச் சொன்னேன்.

“அம்மா மொக்கு எண்டே எழுதுங்கோ அக்கா. வீட்டுக்குள்ள இருக்கிற மொக்காய் இருந்திட்டுப் போகட்டும். நீங்கள் வையுங்கோ.”

எவ்வளவு சொல்லியும் விளங்கவில்லை பாருங்கோ. அந்த வசனத்தை வெட்டிவிடுகிறேன், மற்ற மூன்றுக்கும் வையுங்கோ என்று பேனையை எடுத்து அவளே வெட்டப் போனாள். மற்ற மூன்றையும் நான் இன்னும் யோசிக்கவில்லை என்றேன். வெட்ட விடாமல் பேனையை நான் வாங்கிவிட்டேன், கடிதமும் என் கையில், விசில் ஊதிவிட்டது. ரயிலில் ஆறுதலாக வாசித்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று ஏறிவிட்டேன். அவள் பின்னால் ஓடி வரவில்லை. அழவும் இல்லை. சைக்கிள் கைபிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அழுதிருந்தால் இரண்டு ஆறுதல் வார்த்தையாவது சொல்லியிருப்பேன். அதற்கும் இடம் வைக்கவில்லை. அதுதான் இந்தக் கோபம்.

என்ன அன்ரி? இப்பவும் வைக்கலாமோ? கிளிநொச்சியில் இறங்கித் தபாலில் போடலாம்தான். உங்களுக்கு லேசாகச் சொல்ல முடிகிறது. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டுவிட்டுக் கதைக்கிறீர்கள். பல்கலைக்கழகத்தில் மேன்முறையீடு செய்ய எனக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. அதற்குள் நான் வேறு யாருடைய வழக்கைப் பார்ப்பது? முதலில் என்னுடையதை முடிக்க வேண்டும். வீட்டுக்கு மேன்முறையீடு செய்ய அவர்களுக்கு எத்தனையோ நீதிமன்றம் இருக்கிறது. எனக்கு இருப்பது ஒரே ஒரு குழு.

வரைவை இப்போதே எழுதிவிட நினைக்கிறேன், சூடு ஆறுவதற்குள். என் கொப்பியெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது, அது இருக்கைக்கு அடியில் இறுகிக் கிடக்கிறது. இந்தக் கடிதத்தின் பின்பக்கம் வெறுமை. நல்ல தாள், மை ஊறாது. பேனையும் நன்றாக எழுதுகிறது. முதல் வரி இப்படி: ‘உண்மையைச் சொன்ன ஒரே காரணத்துக்காக நான் தண்டிக்கப்பட்டிருக்கிறேன்.’

உங்கள் மடியில் கிடக்கிற புதினப் பேப்பரைக் கொஞ்சம் தாருங்கோ அன்ரி, அடியில் வைத்து எழுத. ரயில் ஆடுகிறது.